தையல் டீச்சரும் துரைசானி வீட்டுச் சட்டையும்

மலேசியாவில் நம் ரப்பர் தோட்டப் பள்ளியில் தையல் சொல்லித் தந்த டீச்சர் காலமான செய்தி இங்கிலாந்தில் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, எல்லோரையும் போல நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் மலர்க்குழுத் தம்பி கூப்பிட்டு, "அக்கா, நீங்கதான் எழுதணும், டீச்சருக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்" என்றார். என்னைப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. என் கைத்தையலைப் பிடிக்கும், அது நிச்சயம்.

பையன்கள் மண்வெட்டியோடு தோட்டத்துக்குக் கிளம்பியதும் நம் வகுப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கை. பால் மரம் வெட்டும் அம்மாவுக்கு ஒத்தாசையாகப் போய் வந்தவர்களின் விரலிடுக்கில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உருட்டி உருட்டி எடுத்து, சவுக்காரம் போட்டுக் கழுவி, டீச்சர் முகர்ந்து பார்த்து விட்ட பிறகுதான் வெள்ளைத் துணியைத் தொடலாம். ரப்பர் பால் துணியில் பட்டால் போகாது, நாளாக நாளாகக் கறுக்கும். டீச்சரின் முகம் அதைவிடச் சீக்கிரம் கறுக்கும்.

கைக்குட்டை, தலையணை உறை எல்லாம் கடந்து ஆறாம் வகுப்பில் பிறந்த பிள்ளைச் சட்டைக்கு வருவோம். முன்பக்கம் திறந்த சட்டை. பொத்தான் கூடாது, பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், நாடாதான். இரண்டு துண்டுகளின் உள்பக்கங்களும் ஒட்டியிருக்கும்படி வைத்து ஓரத்தில் ஒரு தையல். பிசிறை ஒட்ட நறுக்கிவிட்டு, துணியைப் புரட்டி, நறுக்கிய விளிம்பு உள்ளே அடைபட இன்னொரு தையல். முடிந்ததும் டீச்சர் சட்டையை உள்புறமாகப் புரட்டி, தையல் நெடுகத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். உறுத்தினால் பிரி. வெளிப்பக்கத்துப் பூவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரி.

1970. எங்கள் வீட்டில் தம்பி பிறந்திருந்தான். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான், புதுச்சட்டை முப்பதாம் நாள் விருந்துக்கு. துணிக்கார பாயிடம் அம்மா தவணைக்கு எடுத்த மஞ்சள் வாயில் துணியில் நான் தைத்தேன். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன நீலப் பூக்கள். டீச்சர் கன்னத்தில் தேய்த்தார், மறுபடியும் தேய்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பங்களாவில் துரைசானிக்கும், அதாவது தோட்ட நிர்வாகியான துரையின் மனைவிக்கும், குழந்தை பிறந்திருந்த நேரம் அது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923 தொழிலாளர் சட்டத்தால் முளைத்த பள்ளி நம்முடையது. வாத்தியார்களுக்கு அரசாங்கச் சம்பளம் வந்த பிறகும் நிலமும் கூரையும் தோட்டத்துடையவைதான். கூரை ஒழுகினால் துரையின் மனம் இளக வேண்டும். அந்த மழைக்காலத்தில் நாம் வாளி வைத்துப் படித்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? அதற்குத்தான் என் மஞ்சள் சட்டை.

துரைசானி பள்ளிக்கு வந்த அன்று, தாம்பாளத்தில் வைத்து என்னையே கொடுக்கச் சொன்னார்கள். "குட் மார்னிங் மேடம்" மட்டும் பாடம் பண்ணியிருந்தேன். துரைசானி சட்டையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்து என்னவோ கேட்டார். "எஸ் மேடம்" என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் எஸ். பெரிய வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்வரிசையில் தோட்டத்துக் கணக்கர் கிராணியின் மகள் சிரிக்க ஆரம்பித்து மொத்தப் பள்ளியும் சிரித்தது. துரைசானி கேட்டது, "இதை உன் அம்மாவா தைத்தாள்? எனக்கு இன்னும் நாலு தைத்துத் தருவாளா?" இடைவேளையில் பையன்கள் எனக்கு "எஸ் மேடம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களில் இருவர் இந்த மலரைப் படிப்பார்கள். வணக்கம் தம்பிகளா.

அடுத்த வாரமே பங்களா ஆயா ஒரு கட்டுத் துணியோடு தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து நின்றார். அம்மாவுக்குக் கிழிசல் தைக்க மட்டும்தான் தெரியும். இப்போது டீச்சரின் மானமும் சேர்ந்து போகும் நிலை. அன்று மாலையே டீச்சர் வந்தார். "சனிக்கிழமை வீட்டுக்கு வாம்மா, மெஷின்ல சொல்லித் தர்றேன்" என்றார். "எனக்கு எங்க டீச்சரம்மா அதெல்லாம் வரப்போகுது" என்ற அம்மாவை விடவில்லை. தம்பியின் முப்பதுக்கு மாவுச்சாக்குத் துணியில் சட்டை. எத்தனை முறை வெளுத்தும் முதுகில் பாதி எழுத்து போகவில்லை. டீச்சர் விருந்துக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார், முதுகைப் பார்த்தார், கையில் ஐந்து வெள்ளிப் பணம் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அந்த மஞ்சள் சட்டையைப் பற்றிக் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூரையா? ஓரமாக நாலு தகரம் மாற்றினார்கள்.

அம்மா அப்புறம் வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு, தவணையில் ஒரு சிங்கர் மிதி மெஷின் வாங்கி, உங்களில் பாதிப் பேருக்குப் பள்ளிச் சட்டையும் தீபாவளிப் பாவாடையும் தைத்தார். அந்தக் காசில்தான் 1978-இல் தாதிப் பயிற்சிக்கு, அதான் நர்ஸ் படிப்புக்கு, இங்கிலாந்துக்கு விமானம் ஏறினேன். சொல்லிக்கொள்ளப் போனபோது டீச்சர், "படிச்சு முடிச்சுட்டு வந்துடு. இந்தச் சனிக்கிழமை வகுப்பை எனக்கப்புறம் யார் பார்க்கிறது?" என்றார். இதற்கும் எஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வருஷங்கள் கழித்து, டீச்சருக்குப் பேத்தி பிறந்தபோது இங்கே பெரிய கடையில் நல்ல விலை கொடுத்து ஒரு கவுன் வாங்கி அனுப்பினேன். நீல ஏரோகிராமில் பதில் வந்தது: "கவுன் கிடைத்தது. உள்தையல் உறுத்துகிறது. பிரித்துத் தைத்துப் போட்டுவிட்டேன். நீ இப்போது தைப்பதே இல்லையா?"

போன முறை ஊருக்குப் போனேன். நம் ஊர் பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டாலும் என் வாய்க்கு அது இன்னும் தெரியாது. லயம் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை. டீச்சர் கண் மங்கி உட்கார்ந்திருந்தார். என் சட்டைக் கையைப் பிடித்து உள்பக்கம் புரட்டி விரலால் தடவிவிட்டு, "கடைச் சட்டை" என்றார்.

டீச்சர் பெயரில் பள்ளிக்குக் கல்வெட்டு வைக்கலாம் என்று செயற்குழு யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். கல்வெட்டு வேண்டாம், நாலு தையல் மெஷின் வாங்கிக் கொடுப்போம் என்பது என் கட்சி. பணம் ஒரு விஷயமே இல்லை, ஒரு விருந்தில் திரட்டிவிடலாம். சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும். அவரிடம் கற்றவர்கள் நம் சங்கத்திலேயே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்.