வலிக்குதா என்று கேட்டேன்

“மூச்சு விட்டா மூக்குல விசில் அடிக்குது சார்” என்றார், குரோம் முலாம் பூசும் தொட்டியில் வேலை பார்ப்பவர். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் முகத்தைச் சுளித்துச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே எத்தனையோ முறை வாதாடியாகிவிட்டது.

“வலிக்குதா?”

“இல்ல சார்.”

“ரத்தம் வருதா?”

“முன்னாடி வந்துச்சு. பொருக்குத் தட்டும், எடுத்துப் போட்டுடுவேன். இப்ப அதுவும் நின்னுபோச்சு.”

சரி, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். தொழிலாளர்களின் மாதாந்திர உடல்நலப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘புகார் இல்லை’ என்று எழுதினேன். இருமல், தோல் புண், மூக்கில் ரத்தம், வலி என்று நான்கு கட்டங்கள். விசிலுக்குக் கட்டம் இல்லை.

அந்தத் தொட்டியில் இருக்கும் குரோமிக் அமிலம் மூக்கின் நடுச்சுவரை அரிக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பயிற்சி வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தது. அந்தச் சுவரின் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்திய சவ்வை நம்பித்தான் அது உயிரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் சவ்வு புண்ணாகிப் போனால் நடுவில் ஓட்டை. பல பேருக்கு வலியே தெரியாது. இதையெல்லாம் பலகையில் படம் போட்டு விளக்கியவன்தான், நேரில் ஒருவர் வந்து நின்றதும் முதல் கேள்வியாக வலிக்குதா என்று கேட்டேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காற்று அளவீடு வரம்புக்குள் இருந்தது. தொட்டி விளிம்பில் உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்ப்பேன்; துண்டு விறைத்துக்கொண்டு உள்பக்கம் இழுபடும். ஆனால் அளவீடு என்பது எட்டு மணி நேரச் சராசரி. குரோம் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் பத்து, இருபது சதவீதம்தான் முலாமாகிறது. மிச்சம் பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழியாக மேலே வந்து உடைந்து, அமிலத்தைச் சாரலாகத் தெறிக்கவைக்கிறது. அவர் தொட்டிமேல் குனிந்து, பொருள்களை மாட்டிய சட்டத்தைத் தூக்கும் அந்த இரண்டு நிமிடம் சராசரியில் கரைந்துபோகும். அமெரிக்காவில் 2006 வரை, இந்த அமிலத்தில் இருக்கும் அறுமதிப்பு குரோமியத்தைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராம் வரை விட்டிருந்தார்கள். பிறகு 5 என்று குறைத்தார்கள். முந்தைய நாள் வரம்புக்குள் இருந்தவர் மறுநாள் பத்து மடங்கு மீறியவர். மூக்கு அதே மூக்குதான்.

அப்புறம், அவரும் கையுறையோடு மூக்கைத் துடைப்பார். மணிக்கட்டுப் பக்கம் மஞ்சள் கறை படிந்த கையுறை. எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். காற்றை விடக் கைதான் காரணமோ என்று யோசிக்கும்போது மனசு லேசாகிறது. லேசாவது பிடிக்கவில்லை. வியர்வை வழியும்போது மனிதன் மூக்கைத் துடைக்காமல் என்ன செய்வான்?

நாலு மாதம் கழித்து மருத்துவர் ஒரு துளையில் விளக்கைக் காட்டி, மறு துளை வழியாக என்னைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் நேராக வந்தது. சின்ன ஓட்டை, அதனால்தான் விசில். பெரிதானால் சத்தம் நின்றுவிடுமாம். தானாக மூடாது. அறுமதிப்பு குரோமியத்தைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே வகைப்படுத்திவிட்டது. அங்கே கவலை நுரையீரலைப் பற்றி. மூக்கில் ஓட்டை விழுந்தவருக்கெல்லாம் அது வரும் என்று அர்த்தமில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவருக்காகச் சொன்னேனா எனக்காகவா என்று பிரிக்க முடியவில்லை.

அன்றே எழுதியிருந்தால் ஓட்டை விழாமல் இருந்திருக்குமா? விசில் வந்தபோதே விழுந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் நாலு மாதம் அதே தொட்டியில்தான் நின்றார்.

பேக்கிங்குக்கு மாற்றினோம். தொட்டி வேலைக்கான படி போய்விட்டது. அந்தக் கோபம் அவருக்கு இருந்தது. போகும்போது கேட்டார்: “அன்னிக்கு நான் சொன்னதை எழுதி வச்சீங்கல்ல சார்?”

“எழுதினேன்” என்றேன். பதிவேடு மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவர் காட்டச் சொல்லவில்லை.