அப்பாயி நேர்ந்த கண்மலர்

கப்பலில் போன மனுஷர் முகத்தைத் திரும்பக் கண்ணால் பார்த்துவிட்டால் நாகை நீலாயதாட்சிக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று எங்கள் அப்பாயி நேர்ந்துகொண்டது, தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போன காலத்தில். தாத்தா நல்லபடியாகத் திரும்பி வந்தார், ஆனால் வந்து இறங்கியது மெட்ராஸில். அப்புறம் நிலம், பிள்ளைகள், கல்யாணம் என்று வருஷங்கள் ஓடி அப்பாயியும் போய்ச் சேர்ந்தது. நேர்த்திக்கடன் மட்டும் அம்மாவிடம் வந்து நின்றது. அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றி, ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்றே சொல்லிவிட்டாள்: "ரெண்டு கண்ணும் குடுத்துட்டா. இனிமே உங்க அப்பாயி கடனைத் தள்ளக் கூடாதுடி."

மீனவர் குலத்து அதிபத்த நாயனார் தங்கமீன் விடும் ஆவணி ஆயில்யத்துக்கே போவது என்று முடிவு செய்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு ஆள் பின்னால் ஒட்டிக்கொண்டான். திருநள்ளாறு, கீழ்ப்பெரும்பள்ளம், வேளாங்கண்ணி எல்லாம் ஒரே நாளில் காட்டுகிறானாம், பரிகாரத்துக்கும் அவனே பேசி முடித்துத் தருகிறானாம். வேண்டாம் என்றால், "அம்மாவுக்கு ஏழரை நடக்குற மாதிரி தெரியுதே" என்கிறான். வயதானவர்களைப் பயமுறுத்திக் காசு பிடுங்குவதைப் போலப் பாவம் வேறு இல்லை. அம்மா அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

அம்பாளின் சுவாமியான காயாரோகணர் சன்னிதியில் கூட்டம் இருந்தாலும் நின்று பார்க்க விட்டார்கள். பக்கத்தில் சுந்தர விடங்கர் என்று பேர் கொண்ட தியாகராஜர். ஏழு விடங்கத் தலங்களில் இது ஒரு கடலோரத் தலம் என்பதால்தானோ என்னவோ, இங்கே தியாகராஜர் ஆடுவதும் கடலலை போல, பாராவார தரங்க நடனம். கடல் கடந்து போனவர்களும் வந்தவர்களும் இந்த வாசலில் நிற்காமல் போயிருக்க முடியாது. இராஜேந்திர சோழன் காலத்தில் கடாரத்து அரசன் தன் ஆளை அனுப்பி இந்தக் காரோணக் கோயிலுக்குப் பொன் கொடுத்த செய்தி இங்கே கல்வெட்டில் இருக்கிறது. சீனக்கனகம், அதாவது சீனப் பொன் என்றே அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா, பினாங்கை ஒட்டிய சீமை. எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதியதும் அங்கேதான். அரசன் பொன் அனுப்பினான், அப்பாயியால் முடிந்தது வெள்ளிக் கண்மலர். இரண்டையும் வாங்கிக்கொள்கிறவள் ஒருத்திதானே!

அம்மன் சன்னிதிக்கு முன்னால் அந்த நந்தியைப் பார்க்க வேண்டும். ஒரு கண் அம்பாள் மேலும் ஒரு கண் சுவாமி மேலும் இருக்கும்படி தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு வாய் வரவில்லை. நேர்ந்தவள் உயிரோடு இல்லையே, அவள் பேரை எப்படிச் சொல்வது? நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்மலரை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "அவங்க சொன்ன வார்த்தை அம்பாளுக்கு ஞாபகம் இருக்கும்மா. சுவாமி பேருக்கே பண்ணிடுவோம்" என்றார். பின்னாலிருந்து நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் செல்போனை என் தோளுக்கு மேலே நீட்டினார், பக்கத்தில் இருந்தவர்களே அதட்டி இறக்க வைத்தார்கள். அர்ச்சனை நடந்தது. அப்புறம், கருந்தடங்கண்ணி என்று தமிழில் பேர் கொண்ட அந்த அம்பாளின் கண்கள் மேல் எங்கள் வெள்ளிக் கண்கள் ஏறின. கற்பூரம் காட்டினார். தட்டு மேலே போகும்போது வலது கண்மலரில் ஒரு சுடர், இடது கண்மலரில் ஒரு சுடர். அம்மா கைகூப்பவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மூக்குத்திக் கல்லு தெரியுதுடி" என்றாள். "தனியாத் தெரியுது." ஒரு வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்ற என்னையே யாரென்று கேட்டவள். எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. தாயே, உனக்கு என்ன குறை என்று எங்களிடம் கண் கேட்டாய்? எங்களுக்குக் கொடுக்கத்தானே கேட்டாய்!

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த எதையும் வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்தோம். திருமங்கையாழ்வார் மயங்கி நின்ற அழகு அது. அங்கே எட்டுக் கை நரசிம்மரின் செப்புத் திருமேனியை மட்டும் தவறவிடாதீர்கள். இரணியனைக் கிழிக்கிற அதே மூர்த்தியின் ஒரு கை பிரகலாதன் தலைமேல் இருக்கிறது. நாகூருக்கும் போய்ச் சர்க்கரை வைத்து ஓதி வாங்கினோம். கப்பல் ஏறுகிற குடும்பம் எதுவானாலும் நாகூர் ஆண்டவருக்கும் ஒரு வேண்டுதல் வைக்காமல் இருக்காது, எங்கள் குடும்பமும் அப்படித்தான்.

சாயங்காலம் புதிய கடற்கரையில் நிற்க இடமில்லை. மணலில் அம்மாவால் நடக்க முடியவில்லை, பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். மீனவக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அக்கா தன் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, "இப்படி வாங்கம்மா, இங்கேர்ந்து நல்லாத் தெரியும்" என்று இடம் கொடுத்தார். சுனாமியில் வீட்டோடு இரண்டு உயிரையும் பறிகொடுத்தவர் என்று பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. "எங்க பாட்டன் திருவிழா, வராம இருப்போமா?" என்றார். நுளைப்பாடியில் பிறந்து, பட்டினி கிடந்த நாளிலும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்ட அதிபத்தர் அவர்களுக்குப் பாட்டன்தான். நாயனாரைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டு போனார்கள். தங்கமீனை விட்டதும் கரையில் சுவாமிக்கும் அம்பாளுக்கும் தீபாராதனை. "தென்னாடுடைய சிவனே போற்றி" என்று எழுந்த சத்தத்தில் அலைச்சத்தம் அடங்கிப் போயிற்று. அந்த அக்காவும் அம்மாவும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

தாத்தா ஏறிய மாதிரி பினாங்குக் கப்பல் இப்போது இங்கிருந்து இல்லை. 2023இல் இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதைச் சொன்னபோது அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சிக்கல் சிங்காரவேலரையும் எட்டுக்குடி முருகனையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாக இருந்தோம். அம்மா கேட்கவில்லை. காலையில் திரும்பவும் நீலாயதாட்சியிடமே போனோம். ஆடிப்பூரத்துக்கு வளையலோடு வருகிறோம் என்று அவளிடமே சொல்லிவிட்டாள். பினாங்கில் தங்கிவிட்ட சித்தப்பா வீட்டுக்கும் அன்றைக்கே போன் போட்டாயிற்று. அவர்களும் வருகிறார்கள்.