பர்ன்லியின் காற்று மரம்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பர்ன்லி நகரைக் கீழே பார்த்தபடி அமைந்த கிரௌன் பாயின்ட் மேட்டுவெளியில், துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 3 மீட்டர் உயரத்தில் ஒரு மரத்தை எழுப்பியிருக்கிறார்கள். ‘சிங்கிங் ரிங்கிங் ட்ரீ’ என்ற பெயருடைய இச்சிற்பத்தை வடிவமைத்தவர்கள் மைக் டோங்கின், அன்னா லியு என்னும் கட்டடக் கலைஞர்கள். 2006-இல் நிறுவப்பட்டு, மறுஆண்டே பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்திடம் தேசிய விருதையும் பெற்றது.

நான் சென்ற பிற்பகலில் காற்று விட்டுவிட்டு வீசியது. குழாய்கள் அனைத்தும் ஒலிப்பதில்லை. சில எடையைத் தாங்கவும் சில தோற்றத்திற்காகவும் உள்ளவை. ஒலிக்கும் குழாய்களின் அடிப்புறத்தில் அவற்றின் நீளத்திற்கேற்பத் துளையிட்டுச் சுருதியை அமைத்திருக்கிறார்கள். ஆயினும் எழுவது இன்னிசை என்று சொல்ல மாட்டேன். பல குரல்கள் ஒன்றோடொன்று முழுமையாக இணங்காமல் நீண்டு முனகுவது போன்ற ஓசை அது.

முதல் உலகப் போருக்கு முன் ஏறத்தாழ 1 லட்சம் விசைத்தறிகள் ஓடிய ஊரின் நினைவாகத் தறியையோ நாடாவையோ வார்த்து வைக்காமல், வானிலையைத் தேர்ந்தெடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. மேற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று பென்னைன் மலைத்தொடரில் மோதி மழையாகப் பொழிகிறது. காற்றில் ஈரம் குறைந்தால் பருத்தி நூல் வறண்டு எளிதில் அறுபடும் என்பதால், இந்த ஈரமும் லங்காஷயர் பஞ்சாலைகளின் வளர்ச்சிக்குத் துணைநின்றது. (அங்கே நெய்த துணியில் கணிசமான பங்கு இந்தியச் சந்தைக்கு வந்து நம் கைத்தறியாளர்களின் பிழைப்பைக் கெடுத்தது என்பதை அந்த மேட்டில் நிற்கும்போதும் மறக்க முடியவில்லை.)

எனினும் இந்த ஈரத்தை வெறும் கொடையாகக் கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. சீனக் களிமண் கலந்த கஞ்சியை மிகுதியாக ஏற்றிய பாவு நூலுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) இயற்கையான ஈரம் போதாதபோது, முதலாளிகள் தறிக்கூடத்திற்குள்ளேயே நீராவியைப் பாய்ச்சினார்கள். நாள் முழுவதும் அந்தப் புழுக்கத்தில் நின்ற நெசவாளர்கள், வேலை முடிந்ததும் நனைந்த உடையோடு குளிரில் வீடு திரும்பினார்கள். அவர்களின் எதிர்ப்புக்குப் பின்னரே, கூடத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு 1889-இல் சட்டம் வரம்பு விதித்தது.

ஊரின் விளிம்பில், ஹார்ல் சைக் பகுதியிலுள்ள குவீன் ஸ்ட்ரீட் ஆலையில் நீராவியால் இயங்கிய நெசவு 1982 வரை நீடித்தது. ‘அமைதி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டிய 500 குதிரைத்திறன் இயந்திரம், 300-க்கும் மேற்பட்ட தறிகளோடு அங்கே அருங்காட்சியகப் பொருளாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. தறிகளின் இரைச்சலில் பேச்சு கேட்காததால், நெசவுப் பெண்கள் உதட்டை மிகையாக அசைத்தும் கையால் சைகை காட்டியும் உரையாடினார்கள். அவ்வழக்கிற்கு ‘மீ-மாவிங்’ என்று பெயர். காற்று மரத்தின் அடியில் நின்று உடன் வந்த நண்பரிடம் இதைச் சொன்னபோது நான் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.