பசிக்காத நாளுக்கு ரசம், பசி அடங்காத நாளுக்குத் தயிர் சாதம்

மனசு கனத்துக் கிடக்கும் நாளில் நம் வீடுகளில் பிரியாணியை யாரும் தேடுவதில்லை. தேர்வுக்கு முந்தின இரவு, ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்துவிட்டு வீடு திரும்பும் மாலை, வேலையில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த நாள் எல்லாவற்றிலும் கேட்கும் குரல் ஒன்றுதான்: "கொஞ்சம் ரசம் சாதம் இருந்தா போதும்." இல்லையென்றால் தயிர் சாதம். எளிய சமையல் என்பதால் இரண்டையும் அசட்டையாகச் செய்துவிடுகிறோம். மதியம் மிஞ்சிய விறைத்த சோற்றில் கொதித்துக் கசந்த ரசத்தை ஊற்றினால் அது வயிற்றை நிரப்பும், ஆறுதல் தராது. ஆறுதல் வேண்டுமென்றால் குழைவு, சூடு, மணம் மூன்றும் சரியாக அமைய வேண்டும்.

முதலில் எந்த நாளுக்கு எது என்று பார்த்துவிடலாம். திடீரென்று வரும் பதற்றம் பசியை அடக்கிவிடும். வாய் உலர்ந்து, தொண்டையில் எதுவும் இறங்காது. அப்போது ரசம்தான் சரி. புளிப்பும் மிளகும் எச்சில் ஊற வைக்கும், சோறு வழுக்கிக்கொண்டு இறங்கும். வாரக்கணக்கில் இழுக்கும் அழுத்தம் வேறு மாதிரி. கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் தொடர்ந்து கூடுதலாக இருக்கும்போது பசி கூடும், நாக்கு எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் நாடும். அந்த நாளில் ரசம் சாதம் சாப்பிட்டாலும் அரைமணியில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கத் தோன்றும். கெட்டியான தயிர் சாதமும், கடித்து மெல்ல மொறுமொறுப்பாக ஒரு உருளைக்கிழங்கு வறுவலும் சேர்த்து வைத்தால்தான் அந்தப் பசி அடங்கும்.

இரண்டுக்கும் அடித்தளம் சோறு. 200 மில்லி டம்ளரால் ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நான்கு டம்ளர் தண்ணீர். பொன்னி புழுங்கலரிசி என்றால் நாலரை வரை போகலாம். பச்சரிசியை இருபது நிமிடமும் புழுங்கலை நாற்பது நிமிடமும் ஊறவைத்து, குக்கருக்குள் தனிப் பாத்திரத்தில் வைத்து, நடுத்தரத் தீயில் ஐந்து விசில் விடுங்கள். ஊறவைக்க நேரமில்லை என்றால் இரண்டு விசில் கூட்டினால் போதும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். இவ்வளவு தண்ணீரில் கஞ்சி பொங்கி விசில் துவாரத்தை அடைத்துவிடும். அரைத் தேக்கரண்டி நெய்யை அரிசியில் விட்டால் பொங்குவது குறையும். மேல் தட்டில் மூன்று மேசைக்கரண்டி துவரம்பருப்பை முக்கால் டம்ளர் தண்ணீர், துளி மஞ்சள்தூளோடு வைத்துவிட்டால் ரசத்துக்கான பருப்பும் அதே நேரத்தில் வெந்துவிடும்.

ஆவி தானாக அடங்கியதும் மூடியைத் திறந்து, கை தாங்காத சூடு இருக்கும்போதே கரண்டியின் முதுகால் மசியுங்கள். சோறு ஆறினால் அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு மசித்தாலும் பருக்கை பருக்கையாகத்தான் நிற்கும். பழைய சோறுதான் இருக்கிறது என்றால், ஒரு கப்புக்கு அரை டம்ளர் வெந்நீர் தெளித்து மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு மசியுங்கள். புதுச்சோறு அளவுக்கு வராது, ஆனால் தொண்டையில் சிக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: குழைந்த சோறு வேகமாகச் செரித்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். குதிரைவாலியை இதே போல மூன்றரை மடங்கு தண்ணீரில் குழைய வேகவைத்தால் தயிருக்கு நன்றாகச் சேரும். ஆனால் அதிலும் அளவு முக்கியம்.

இனி ரசம். இரண்டு மூன்று பேருக்கு நெல்லிக்காய் அளவு புளியை ஒன்றரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். நாட்டுத்தக்காளி இரண்டைக் கையாலேயே பிசைந்து அதில் போடுங்கள். பெங்களூர்த் தக்காளி என்றால் புளிப்பு குறைவு, சதை அதிகம். ரசம் குழம்பு போல ஆகிவிடும், அதனால் ஒன்று போதும். கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகு அளவு கட்டிப் பெருங்காயம். கட்டி இல்லாமல் தூள்தான் இருக்கிறது என்றால் அதைத் தாளிப்பில் நெய்யில் போடுங்கள். தூளில் மாவு கலந்திருக்கும், நெய்யில் பொரிந்தால்தான் மணம் முழுதாக வெளியே வரும்.

இந்தப் புளித்தண்ணீர் நடுத்தரத் தீயில் எட்டு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும். கொதிக்க வேண்டியதெல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். பச்சை வாடை போகாமல் பருப்புத் தண்ணீரைச் சேர்த்துவிட்டால் பிறகு அதைப் போக்க வழியில்லை, ஏனென்றால் அதற்கப்புறம் கொதிக்கவிடவே கூடாது.

அது கொதிக்கும் நேரத்தில் ஒரு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு வரமிளகாய் மூன்றையும் உரலில் கொரகொரப்பாக இடியுங்கள். கடைசியில் தோலோடு ஆறு பூண்டுப் பல்லும் ஒரு ஈர்க்கு கறிவேப்பிலையும் போட்டு இரண்டு தட்டு. மிக்ஸியில் அரைப்பவர்கள் விட்டு விட்டு இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். நைசாக அரைத்தால் ரசம் கலங்கி, அடியில் வண்டல் கட்டி, நாக்கில் கசப்பு தட்டும். வெந்த பருப்பில் பாதியை மசித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இடித்ததோடு சேர்த்து ஊற்றுங்கள். தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரத்திலிருந்து நுரை கட்டி நடுவரை கூடி வரும். குமிழி உடைந்து தளதளவென்று கொதிக்கத் தொடங்கும் முன் அணைத்துவிட வேண்டும். சீரகம், மிளகு, பெருங்காயத்தின் மணமெல்லாம் ஆவியோடு பறந்துபோகும் எண்ணெய்களில்தான் இருக்கிறது. ரசம் கொதித்து வீடு முழுக்க மணக்கிறது என்றால் அந்த மணம் பாத்திரத்தை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். உடனே கொத்தமல்லித்தழையைக் காம்போடு கிள்ளிப் போட்டு, ஒரு தேக்கரண்டி நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள்.

ஈயச் சொம்பில் வைத்தால் ருசி தனி என்பார்கள். அது உண்மைதான், ஆனால் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை சூடு நூறைத் தாண்டாது, அதனால்தான் தப்பிக்கிறது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும், தீ பக்கவாட்டில் ஏறக்கூடாது. அதைவிட முக்கியம், வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்த சொம்பை விற்பவர்கள் உண்டு. காரீயம் நஞ்சு, புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். நம்பிக்கையான கடை தெரியாவிட்டால் எவர்சில்வர் பாத்திரமே போதும்.

வைத்த ரசம் சப்பென்று இருந்தால் பொடியைக் கூட்டாதீர்கள், முதலில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறை அதில்தான் இருக்கும். புளிப்பு ஏறிவிட்டால் வெறும் தண்ணீர் விடாமல், மிச்சமிருக்கும் பருப்பைக் கரைத்து விடுங்கள்; சுண்டைக்காய் அளவு வெல்லமும் உதவும். காரம் கூடினால் தட்டில் நெய்யைக் கூட்டலாம். கசப்புக்கு மட்டும் மருந்தில்லை. கொதித்ததாலோ தாளிப்பு கருகியதாலோ வந்த கசப்பு அப்படியேதான் இருக்கும்.

பிசைவதிலும் ஒரு வரிசை உண்டு. தட்டில் சோறு, அதன்மேல் ஒரு தேக்கரண்டி நெய், ஒரு மேசைக்கரண்டி மசித்த பருப்பு. இவற்றை முதலில் பிசைந்துவிட்டு அப்புறம் ரசம். ஒரு கரண்டி சோற்றுக்கு ஒன்றரைக் கரண்டி ரசம் வரை விடலாம். தளர இருப்பது போலத் தோன்றினாலும் நாலு வாய் சாப்பிடுவதற்குள் சோறு உறிஞ்சிவிடும். அழுத்தத்தில் நெஞ்செரிச்சலும் சேர்ந்து வருபவர்கள் புளியைப் பாதியாக்கி, மிளகைக் கால் தேக்கரண்டியாக்கி, பருப்பையும் சீரகத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள்.

தயிர் சாதத்தைத் தயிரில் பிசைந்த சோறு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பாதி வேலை பாலுடையது. மேலே சொன்னபடி மசித்த ஒரு டம்ளர் அரிசிச் சோற்றில், சூடு இருக்கும்போதே, காய்ச்சிய பால் ஒரு டம்ளர் ஊற்றிக் கலந்து மூடி வையுங்கள். சோறு பாலைக் குடித்துக்கொள்ளும். விரலை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் தெரியும் நிலைக்கு வந்த பிறகுதான் புளிக்காத தயிர் ஒன்றரை டம்ளரும் ஒரு தேக்கரண்டி உப்பும். கொதிக்கும் சோற்றில் தயிரை விட்டால் திரிந்து நீர் பிரியும், திப்பி திப்பியாக நிற்கும். நீங்கள் விரும்பும் பதத்தைவிடக் கொஞ்சம் தளர்வாகவே கலந்து வையுங்கள், பத்து நிமிடத்தில் இறுகும்.

இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, அரைத் தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று, பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, பெருங்காயம், கறிவேப்பிலை. இஞ்சியை எண்ணெயில் வதக்கியே போடுங்கள்; பச்சை இஞ்சியில் இருக்கும் ஒரு நொதி சூடான பாலைத் திரிக்கும் தன்மை உடையது. மாதுளை, திராட்சை, வெள்ளரிக்காய் பிடிக்கும் என்றால் சாப்பிடும் நேரத்தில் தூவுங்கள். முன்கூட்டியே கலந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

டப்பாவில் கட்டிக்கொண்டு போய் மதியம் சாப்பிடுவதற்கு அளவு வேறு. ஒன்றே முக்கால் டம்ளர் பால், இரண்டு மேசைக்கரண்டி தயிர் மட்டும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது கலந்தால், நான்கு ஐந்து மணி நேரத்தில் பால் டப்பாவுக்குள்ளேயே உறைந்து, புளிக்காத தயிர் சாதமாக இருக்கும். கோடையில் தயிரை ஒரு மேசைக்கரண்டியாகக் குறையுங்கள்.

தொட்டுக்கொள்ள மாவடு, நார்த்தங்காய், மோர்மிளகாய் எதுவும் சரி. ஆனால் மனசு அலைபாயும் நாளில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஈடில்லை. முந்நூறு கிராம் கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் நகம் அளவுச் சதுரங்களாக நறுக்கி, பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு, வடித்து, துணியில் ஈரம் போகத் துடையுங்கள். மேல்மாவு போனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாது. இரும்பு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கடுகு தாளித்து, மஞ்சள்தூளோடு கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மூடாதீர்கள், ஓயாமல் கிளறாதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பினால் போதும். பதினைந்து நிமிடத்தில் எல்லாப் பக்கமும் சிவந்துவிடும். கடைசி நான்கு நிமிடத்தில்தான் உப்பும் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளும்: முன்னாலேயே உப்பு போட்டால் கிழங்கு நீர் விட்டுக் குழையும், மிளகாய்த்தூள் கருகும். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு வேண்டாம், குளிரில் மாவு சர்க்கரையாக மாறி, வேகும் முன்பே கறுத்து இனிக்கும்.

இவ்வளவையும் நிற்கத் தெம்பில்லாத நாளில் யார் செய்வது? அதனால் தெம்புள்ள நாளிலேயே சிலதைச் செய்து வைக்க வேண்டும். நூறு கிராம் புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு தேக்கரண்டி உப்போடு கெட்டியாகும்வரை கொதிக்கவைத்து ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். ரசத்துக்கு இரண்டு தேக்கரண்டி போட்டுப் புளிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்த பருப்பைக் கிண்ணம் கிண்ணமாக ஃபிரீசரில் வைக்கலாம். மிளகு சீரகத்தை மட்டும் அவ்வப்போது இடிப்பதுதான் நல்லது.

வீட்டில் வேறொருவர் தளர்ந்து வந்திருக்கிறார் என்றால், "என்ன செய்யட்டும்?" என்று கேட்காமல் நீங்களே முடிவு செய்து தட்டில் வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பதில் யோசிப்பதே அவருக்குப் பாரம்.

எதுவுமே முடியாத நாளுக்குப் பருப்புப்பொடி. ஒரு டம்ளர் துவரம்பருப்பை எண்ணெயில்லாமல் சிறுதீயில் பத்து நிமிடம், உள்வரை சிவக்க வறுங்கள். இதில் அவசரப்பட்டால் பொடி பச்சை வாடை அடிக்கும், அண்ணத்தில் ஒட்டும். ஐந்து வரமிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், பெருங்காயம் ஆகியவற்றைத் தனியாக வறுத்து, கால் டம்ளர் பொட்டுக்கடலை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து, முழுதாக ஆறிய பிறகு அரைத்து, ஈரமில்லாத பாட்டிலில் வையுங்கள். சூடாக அரைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். சூடான சோற்றில் முதலில் நெய், அப்புறம் பொடி. நல்லெண்ணெய் விட்டாலும் சரி. பக்கத்தில் தீயில் நேராகச் சுட்ட ஒரு அப்பளம். இடுக்கியால் பிடித்து நொடிக்கொரு தடவை திருப்பிக்கொண்டே இருந்தால் கருகாமல் பொரியும்.