ஊதியூரில் மேகாத்து அடிக்கும்போது

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கிறது ஊதியூர் மலை. கொங்கணச் சித்தர் இருந்த மலை என்று கும்பிட வருபவர்கள்தான் அதிகம். நான் ஆடி மாதத்தில் போனது மண்ணையும் காற்றையும் பார்க்க. சொன்னால் சிரிப்பார்கள் என்று பேருந்தில் யாரிடமும் சொல்லவில்லை.

மலையேறும்போது பாறைகளைக் கவனியுங்கள். பகல் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, தகடு தகடாகப் பெயர்ந்து நிற்கும். விரிசலில் மழைத்தண்ணீர் இறங்கினால் வேலை இன்னும் வேகம். கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் தண்ணீர் பட்டுப் பட்டுக் களியாக மாறிவிடும். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) லேசில் மாறாது, மணலாக உதிரும். இரும்பு துருப்பிடித்துச் சிவப்பேற்றும். இந்தப் பக்கத்துச் செம்மண் பிறந்த கதை இதுதான். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் சேர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

சரிவில் எல்லாமே கீழே போகத்தான் பார்க்கிறது. பெரிய உருண்டைக் கற்கள் அடிவாரம்வரை வந்து கிடக்கின்றன, பொடிக்கற்கள் மேலேயே இடுக்குகளில் சிக்கிக்கொள்கின்றன. மண்ணின் பயணம் கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தில் உப்பும்போது சரிவிலிருந்து வெளிப்பக்கம் எழும்பும், காயும்போது நேர் கீழே அமரும். ஒவ்வொரு முறையும் துளி துளியாக இறக்கம்தான். உச்சி மொட்டையாகவும் அடிவாரத்து மண் ஆழமாகவும் இருப்பதற்கு, மழைத்தண்ணீரோடு இதுவும் ஒரு காரணம்.

அடிவாரம் தாண்டினால் மேகாத்தின், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்றின், ராஜ்ஜியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதில் நெருக்கியடித்து நுழைந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று வீசுகிறது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். உழுதுபோட்ட மானாவாரிக் காட்டுக்கு அப்படியில்லை.

அப்படியொரு காட்டில் குத்தவைத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணல் தரையோடு உருள்கிறது. அதைவிடப் பொடியானது, சூடான எண்ணெயில் விழுந்த கடுகுபோலத் துள்ளித் துள்ளிப் போகிறது. காற்று நகர்த்தும் மண்ணில் பெரும்பங்கு இந்தத் துள்ளல்காரர்கள்தான். பெரும்பாலும் முழங்காலுக்கு மேலே எழும்புவதில்லை. ஆனால் விழுகிற இடத்தில் நுண்தூசியைக் கிளப்பிவிடுகிறார்கள். அந்தத் தூசிதான் எங்கேயோ போய்விடும். சத்தும் அதோடு போய்விடும்.

துள்ளலின் உயரம் தெரிந்தால் கிளுவை வேலியின் அருமை புரியும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடுகளைச் சுற்றி முள்கிளுவை, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். புல் மண்ணைப் பிடிக்கும். தப்பித்த மணல் வேலியடியில் திட்டாகச் சேரும். இப்போது பல காடுகளில் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்: “ஏனுங்கய்யா, கம்பி வேலி ஆவாதுங்களா?”

“ஆடு நிக்குங் தம்பி. மண்ணு நிக்காதுங்.”

கிளுவையை வெட்டிச் சீர்படுத்த ஆள் கிடைப்பதில்லை என்று அவரே சொன்னார். நியாயம்தான். ஆனாலும் மேற்கு ஓரத்திலாவது கிளுவையை விட்டுவைக்கலாம், காற்று வருவது அங்கிருந்துதானே?

சரி, போக நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆடியில் போங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். ஈரமண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு காற்றடித்தாலும் துள்ளல் பார்க்கக் கிடைக்காது.