பாயில் தூங்கிய அக்கா

போன வருடம் எங்கள் ஒபிஸில் 'ஊழியர் நலன்' என்று சொல்லி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் யோகா வைத்தார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த, எங்களோடு வேலை செய்யும் அக்கா யோகாப் பாயிலேயே தூங்கிவிட்டார். பாவம், முதல் நாள் இரவு பத்து மணிவரை வாட்ஸ்அப்பில் வேலை!

வேலையிடத்தில் மனநலம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டலே வேலைச்சுமையைக் கவனி, முகாமையாளர்களுக்குப் பயிற்சி கொடு என்கிறது.

பிறகு வந்த முகாமையாளர் என்ன தேவை என்று முதலில் எங்களிடம் கேட்டார், அவ்வளவுதான். ஐந்து மணிக்குப் பிறகு மெசேஜ் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டால் துருவுவதில்லை, 1926 என்ற மனநல உதவி இலக்கம் கையெழுத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. யோகாவும் இருக்கிறது, ஆனால் வேலை நேரத்தில். அக்கா இப்போது பாயில் தூங்கிவிடுவதில்லை.