ப்ளாஸ்மினோஜன் இல்லாத எலிகளோட வேலை பார்த்த காலம்

ரத்தம் எப்படி உறையுதுன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்துடறாங்க, ஆனா உறைஞ்ச கட்டி அப்பறம் எங்க போகுதுன்னு யாரும் பெருசா கேக்கறதில்ல. கட்டிய இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கறது ஃபைப்ரின்ங்கற நார், அத வெட்டறது ப்ளாஸ்மின். அந்த ப்ளாஸ்மின், ப்ளாஸ்மினோஜன்ங்கற பேர்ல கல்லீரல்ல உருவாகி வேலை செய்யாத நிலையில ரத்தத்துல சுத்திட்டே இருக்கும், டிபிஏன்னு ஒரு நொதி வந்து உசுப்பி விட்டாத்தான் வெட்ட ஆரம்பிக்கும். பக்கவாதம் வந்தவங்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்னு சொல்ற ஆல்டிப்ளேஸ் ஊசி இந்த டிபிஏதான்.

நான் அமெரிக்காவுல போஸ்ட்டாக்கா (பிஎச்டிக்கு அப்பறம் ஆராய்ச்சி பண்றவரா) இருந்த லேப்ல ப்ளாஸ்மினோஜன் ஜீனையே எடுத்துட்ட எலிகள வளர்த்தோம். 1995ல அமெரிக்காவுல சின்சினாட்டில ஒரு குழுவும் பெல்ஜியத்துல லூவன்ல இன்னொரு குழுவும் தனித்தனியா இந்த மாதிரி எலிய உருவாக்குனாங்க. கட்டிய கரைக்கவே வழியில்லன்னா குட்டி வயித்துலயே செத்துரும்னுதான யாரும் நினைப்போம்? அதுங்க நல்லாவே பொறந்துச்சு, சிலது வளர்ந்து குட்டியும் போட்டுச்சு. ஆனா பேப்பர்ல அத ஒரு வரியில படிக்கறது வேற, கூண்டு கூண்டா நின்னு பாக்கறது வேற.

பொறந்தப்போ எது நாக்கவுட் (அதாவது ஜீன் எடுத்தது), எது இல்லன்னு கண்ணால பாத்து சொல்லவே முடியாது, பால் மறக்கடிக்கற மூணாவது வாரத்துல காதோரம் துளியூண்டு சதை எடுத்து பிசிஆர்னு ஒரு டிஎன்ஏ சோதனை போட்டு ஜெல்ல பாத்தாத்தான் தெரியும். அதுக்கப்பறம் வாரம் போகப் போக தராசே காட்டிக்குடுத்துரும், கூடப் பொறந்ததுங்க எடை ஏறிட்டே போக இதுங்க நின்னுரும், அப்பறம் இறங்கும், முடி மங்கிப் போகும், சிலதுக்கு ஆசனவாய் வெளிய தள்ளும், வயித்துல புண்ணு, கல்லீரல அறுத்து ஸ்டெயின் பண்ணா அங்கங்க ஃபைப்ரின் படிஞ்சு கிடக்கும். ஊறவச்ச தீனிய தரையிலயே வைப்போம், எட்டி எடுக்க தெம்பு இருக்காதேன்னு. எடை ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா மேல கஷ்டப்பட விடாம முடிச்சு வைக்கறதும் இந்த வேலையில ஒரு பகுதிதான், அது எனக்கு கடைசி வரைக்கும் பழகவே இல்ல, பழகக் கூடாதுன்னும் நினைக்கறேன். எது சோர்ந்திருக்குன்னு எங்களுக்கு முன்னாடியே விலங்குக்கூட ஊழியர்களுக்குத் தெரிஞ்சுரும், அவங்க சொன்னா நான் உடனே ஓடுவேன்.

இதுல என்னை ரொம்ப உலுக்குன விஷயம் 1996ல வந்த இன்னொரு சோதனை. ப்ளாஸ்மின் ஃபைப்ரின மட்டுமா வெட்டுது, காயம் ஆறும்போது செல்லுங்க நகர வழி விடறது, மத்த புரதங்கள வெட்டறதுன்னு ஏகப்பட்ட வேலை அதுக்கு இருக்குன்னு சொல்லிட்டிருந்தாங்க. அதே சின்சினாட்டி குழு ப்ளாஸ்மினோஜனும் இல்ல, ஃபைப்ரின் உருவாக வேண்டிய ஃபைப்ரினோஜனும் இல்லங்கற மாதிரி எலிய வளர்த்துப் பாத்தாங்க. எடை இறங்கல, புண்ணு இல்ல, காயமும் நேரத்துக்கு ஆறிடுச்சு. அத்தன தொல்லைக்கும் பெரும்பாலும் காரணம் கரையாம தேங்கின ஃபைப்ரின்தான்! ரெண்டு ஜீன்லயும் ஒத்தப் பிரதி மட்டும் கெட்ட ஜோடிய சேர்த்தா பதினாறுல ஒரு குட்டிதான் இப்படி வரும், அதுக்காக எத்தன மாசம் காத்திருந்திருப்பாங்கன்னு எலி வளர்த்தவங்களுக்குத்தான் புரியும்.

ப்ளாஸ்மினோஜன் மட்டும் இல்லாத எலிகள்ல சிலதுக்கு கண்ணுல தடிப்பு வரும்னு 1998ல எழுதினாங்க. மனுஷங்கள்ல ப்ளாஸ்மினோஜன் குறைவா பொறக்கற குழந்தைங்களுக்கும் இமைக்கு உள்பக்கம் மரக்கட்டை மாதிரி கெட்டியா சதை வளரும், வெட்டி எடுத்தா திரும்ப வந்துரும், ரொம்ப அபூர்வமான நோய். கூண்டுல இமை வீங்கின எலியப் பாக்கறப்பல்லாம் அந்தக் குழந்தைங்க ஞாபகம்தான் எனக்கு வரும். 2021 ஜூன்ல அவங்களுக்காக, மனுஷ ப்ளாஸ்மாவுலேர்ந்து பிரிச்செடுத்த ப்ளாஸ்மினோஜன் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, ரெண்டுலேர்ந்து நாலு நாளைக்கு ஒரு தடவ ரத்தக்குழாய் வழியா ஏத்தறாங்க.